கெணத்துக்கு நடந்தவகிட்ட கேட்டாங்களா?

(தக்கலை பக்கம் ஒரு வாசகசாலைல பேசினது. இருமினத மட்டும் எடுத்துட்டு மிச்சத்த அப்படியே டைப் பண்ணிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பழிவாங்குற படம்ணா நமக்கு ஒரு கணக்கு உண்டு கேட்டேளா, மொத பாதில ஒரு பெண்ண போட்டு பாடாப்படுத்துவான், அடுத்த பாதில வெட்டு குத்து, நாம விசிலடிச்சுட்டு புரோட்டா தின்னுட்டு வீட்டுக்கு போவோம். 1994-ல சேகர் கபூர் எடுத்த ‘பேண்டிட் குயீன்’ அந்த ரகம் இல்ல. நல்ல படமாக்கும். நம்ம ‘இயற்கை’ படத்துல வந்த சீமா பிஸ்வாஸ் தான் பூலான் தேவி, நிஜத்துல வாழ்ந்த சம்பல் கொள்ளக்காரி, அவங்க கதை தான் படம். சீமாவுக்கு தேசிய விருது சும்மா குடுக்கல. அந்த பலாத்கார சீன்ல கதவு தொறக்கு, ஒருத்தன் வாறான், கதவு அடையுது, மறுபடியும் தொறக்கு... வயித்த கலக்கிரும்.

எனக்கு முட்டுறது கெணத்தடி சீன். ஆம்பளைய சுத்தி நிக்க, துணியில்லாம அவள தண்ணி கோர வைக்கான். சென்சார், கோர்ட்டுண்ணு அலைஞ்சு 1996-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, இத பாத்தா ஆசை வராது, அருவருப்பு தான் வரும், அதனால ஆபாசம் இல்லண்ணு. சரியான தீர்ப்பு தான். ஆனா அந்த கேஸ போட்டது யாரு? எங்க சாதிய கேவலமா காட்டிட்டாங்கண்ணு ஒரு ஆம்பள! அவருக்கு தான் மானம் போச்சாம்.

பூலான் தேவி அதுக்கு முன்னாடியே படத்த நிறுத்தணும்ணு டெல்லி ஐகோர்ட்டுக்கு போயிட்டாங்க. உயிரோட இருக்குற ஒருத்திக்க பலாத்காரத்த அவ சம்மதம் இல்லாம மறுபடி நடிச்சு காட்டலாமாண்ணு அருந்ததி ராயும் அப்பவே எழுதினாங்க. பிறகு பூலான் பணம் வாங்கிட்டு சமாதானமா போயிட்டாங்கல்லாண்ணு சிலபேரு நக்கலடிப்பாங்க. விசாரணையே இல்லாம 11 வருசம் ஜெயில்ல கிடந்துட்டு வந்தவங்க லே, இன்னும் எத்தன வாய்தாவுக்கு அலைய முடியும்?

இன்னொண்ணு, 1981 பிப்ரவரி 14-ல உத்தரப்பிரதேசத்துல பெஹ்மாய்ங்கிற ஊருல பூலானுக்க கும்பல் 20 பேர சுட்டு கொன்னுச்சு, அவங்க தேடிப்போன எதிராளி கொள்ளக்கார அண்ணந்தம்பி லாலாராமும் ஸ்ரீராமும் அங்க இல்ல, செத்தது வேற ஆளுக. நான் சுடலண்ணு பூலான் கடைசிவரைக்கும் சொன்னாங்க. அந்த கேஸ் நடந்துட்டு இருக்கும்போதே படம் மொதல்லயே இது உண்மைக்கதைண்ணு போடுது! படம் முடிஞ்சும் பழி முடியல, எம்.பி. ஆன அவங்கள 2001-ல வீட்டு வாசல்ல வச்சு ஒருத்தன் சுட்டு கொன்னான், பெஹ்மாய்க்கு பழிண்ணான். பெஹ்மாய் கேஸ்ல தீர்ப்பு வந்ததோ 2024-ல, ஒரே ஒரு ஆளுக்கு ஆயுள்.

இத ஏன் இங்க வந்து பேசுதேண்ணா, நம்ம கல்குளம் இரணியல் பக்கம் தோள்சீலைக்கு, மார மறைக்க துணி போடுற உரிமைக்கு, அடிபட்டது நம்ம பாட்டிமாருக்க பாட்டிமாரு. 1859-ல திருவிதாங்கூர் மகாராஜா சரிண்ணாரு, அதுலயும் மேல்சாதிக்காரிய போல போடப்பிடாதுண்ணு ஒரு கொக்கி. எத மூடணும், எப்படி மூடணும்ணு எவனோ சொன்னான். கெணத்தடில அவள நடக்க வச்சவனும் எவனோ, பிறகு அத ஊரு உலகத்துக்கு காட்டலாம்ணு முடிவு பண்ணினதும் வேற எவனோ. ரெண்டாமத்தவன் நல்லெண்ணத்துல செஞ்சான், ஒத்துக்கிடுதேன், அவன மொத ஆளோட சேத்து வைக்க மாட்டேன். ஆனா கேக்காம செஞ்சான்லா?

படத்த இங்க போடலாமாண்ணா போடலாம்ணு தான் சொல்லுவேன். ஆனா அவங்க கோர்ட்டுக்கு போன கதைய மொதல்ல சொல்லணும், கெணத்தடி சீன பாக்கப்பிடாதுண்ணு நினைக்குறவங்க எழும்பி போக லைட்ட போடணும். மைக்க அந்த அக்காகிட்ட குடு மக்கா, ரொம்ப நேரமா கைய தூக்கிட்டு இருக்காங்க.