பாரிமுனைக்கு வடக்கே ஒரு கொங்கு நாவலாசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வடசென்னையில் மேடை ஏறுகிறவர்கள் எழுத்தாளர் பெருமாள்முருகனைப் பெரும்பாலும் 'புக்கர் பரிசு வென்றவர்' என்றே சொல்லிவிடுகிறார்கள். அவர் அந்தப் பரிசை வெல்லவில்லை. 'பூக்குழி' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தமிழ் நாவல் ஒன்று அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. இப்படித் திருத்தினால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. அதே ஆண்டில் 'ஆளண்டாப் பட்சி' ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக இந்தியப் புனைகதைகளுக்கான ஜேசிபி பரிசைப் பெற்றது. எழுத்தாளருக்கு 25 லட்சம் ரூபாய், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். ஆனால் அந்த நாவல் தமிழில் வந்தது 2012இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அதைத் தேடிப் படித்த தமிழர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் நம்மில் பலர் பேச்சை மாற்றிவிடுவோம்.

பரிசுக்கு முன்பே அவர் பெயரை ஊரறியச் செய்தது வழக்குதான். 2010இல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், புத்தகம் பிடிக்காதவர் அதைத் தூக்கி எறியலாம், எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அந்தச் செங்கல் கட்டடம் பாரிமுனையில் இருக்கிறது. வடசென்னைக்காரர்கள் பஸ்ஸில் அதைக் கடக்காமல் நகரத்தின் மற்ற பகுதிகளுக்குப் போவது அரிது. தீர்ப்பு வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து நூலகங்களில் அந்த நாவலைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் சர்ச்சைக்குரிய பக்கம் எது என்று தேடி, அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அதுவும் ஒரு வகை வரவேற்பு. எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை.

வண்ணாரப்பேட்டையில் நாங்கள் சிலர் கூடி நாவல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தையல் கடை நடத்தும் ஓர் அக்கா, கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். 'பூக்குழி'யை எடுத்த அன்று பெரிய தகராறு. குமரேசன் சோடாக் கடை வேலைக்குப் போன ஊரில் சரோஜாவைக் காதலித்துத் திருமணம் செய்து தன் கிராமத்துக்கு அழைத்து வருகிறான். பெண் என்ன சாதி என்று ஊர் துளைக்கிறது. மாமியார் மாராயி நாளெல்லாம் வசை பாடுகிறாள். தையல்கார அக்காவுக்குக் கோபம் சரோஜாவின் மேல். "இந்தப் பெண் ஏன் வாயே திறக்க மாட்டேன் என்கிறாள்? எங்கள் தெருவாக இருந்தால் மாமியாரை ஒரு வழி செய்திருப்பாள்" என்றார். ஒரு மாணவி சட்டென்று, "நம் தெருவில் நீங்கள் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வருவார்கள், அக்கா. அங்கே அவளுக்காக வர யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நாவலின் பிற்பகுதியில் சரோஜா வெறும் அழுகையாகக் கரைந்துவிடுகிறாள் என்ற அவருடைய குறை எனக்கும் ஓரளவு நியாயமாகவே படுகிறது. விமர்சனக் கட்டுரைகளில் இந்தக் குறையை இவ்வளவு வெளிப்படையாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

எங்கள் பகுதி ஆண்களிடம் அதிகம் கைமாறியது பரிசுப் பட்டியல்களில் பேசப்பட்ட நாவல்கள் அல்ல. திரையரங்கில் சோடா விற்றுப் பிழைக்கும் பையன்களைப் பற்றிய 'நிழல் முற்றம்'. தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா திரையரங்கை 2020இல் மூடியபோது வருந்தியவர்களுக்கு, இடைவேளைக் கூட்டத்தையும் தரையில் படுத்துறங்கும் பையன்களையும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொங்கு வட்டார வழக்கு முதல் சில பக்கங்களில் தடுக்கும், பிறகு பழகிவிடும். இத்தனை காலம் தங்கள் பேச்சைத் திரைப்படங்களில் பெரும்பாலும் சிரிப்புக்காகவே கேட்ட வடசென்னைக்காரர்கள், ஒரு வட்டாரத்தின் பேச்சு கேலிக்கு ஆளாகாமல் ஒரு முழு நாவலையும் தாங்கி நிற்பதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் ராயபுரத்துப் பேச்சிலேயே கதை எழுதத் தொடங்கியிருக்கிறான். இன்னும் யாருக்கும் காட்ட மறுக்கிறான்.

'ஆளண்டாப் பட்சி'யைத் துறைமுகப் பெரியவர் வேறு விதமாகப் படித்தார். சொத்துப் பிரிவினையில் ஏமாற்றப்பட்ட முத்து, குப்பனோடு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புது நிலம் தேடிப் புறப்படுகிறான். பெரியவரின் அப்பாவும் பங்கு கிடைக்காமல் ஊரை விட்டு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "முத்துவுக்காவது கடைசியில் நிலம் கிடைத்தது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்ததாக அவருடைய முதல் நாவலான 'ஏறுவெயில்' பற்றிப் பேசப் போகிறோம். 1991இல் வெளிவந்தது. குடியிருப்புக் காலனி கட்டுவதற்காக நிலத்தை இழக்கும் குடும்பத்தின் கதை. ஆற்றோர வீடுகள் இடிக்கப்பட்டு நகரத்துக்குத் தெற்கே உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட உறவினர்கள் எங்களில் பலருக்கு இருக்கிறார்கள். அவர்களையும் அழைத்திருக்கிறோம். பஸ்ஸில் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் கூட்டத்தைச் சற்றுத் தாமதமாகவே தொடங்குவோம்.

வணக்கம்.