சுருதி இறங்குவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். நான் மயக்கவியல் மருத்துவர். மலத்துவாரம் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிப் பரிசோதனையின்போது நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர்களில் ஒருவர். வானொலியில் பேச வேண்டும் என்று கேட்டதும் முதலில் என் நினைவுக்கு வந்தது ஓர் ஒலிதான். எங்கள் வேலையில் பாதி காதால் நடக்கிறது.

கொலோனோஸ்கோப்பி அறையில் விளக்கைத் தணித்துவிடுவார்கள். குடலின் உட்சுவர் திரையில் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருப்பார். முகம் பாதி நிழலில் இருக்கும். அந்த அரையிருட்டில் உதடு நீலம் பாரிக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். அவருடைய விரலில் ஒரு கவ்வியை மாட்டியிருப்போம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தீர்களே, அதே பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். எங்களுடையது நாடித்துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒலி எழுப்பும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி படிப்படியாக இறங்கும். மருந்தை அளந்துகொண்டிருந்தாலும், குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாலும், சுருதி அரைக்கட்டை இறங்கினால் என் தலை தானாகத் திரும்பிவிடும்.

இந்தக் கருவியின் அடிப்படையை 1974இல் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. அதற்கு முன்பு மருத்துவர்கள் தோலின் நிறத்தையும் ரத்தத்தின் நிறத்தையும் நம்பித்தான் இருந்தார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பது 1947இலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. ஆக்சிஜன் அளவு எண்பது விழுக்காட்டுக்கு அருகில் சரியும்வரை, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலரால் நீலத்தை அடையாளம் காண முடியவில்லை. கருமையான தோலில் இது இன்னும் கடினம். கருவியும் முழுக்கக் குற்றமற்றது அல்ல. கறுப்பின நோயாளிகளிடம் அது ஆக்சிஜனை உள்ளதைவிட அதிகமாகக் காட்டித் தாழ்நிலையை மறைப்பது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு சொன்னது. நம்மவர் போன்ற கருந்தோல் உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பவர்கள் அதை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். திரையில் 94 என்று எண் வந்தால் நான் நிம்மதியாக இருப்பதில்லை.

இந்த ஒலியிடம் இன்னொரு குறை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

குடலுக்கு வெட்டுவது தெரியாது. உள்ளே சிறு கட்டி இருந்து, கம்பி வளையத்தால் அதை அறுத்து எடுத்தாலும் நோயாளிக்கு உணர்வே இருக்காது. ஆனால் குடல் இழுபட்டால், உப்பினால், வலி உயிர் போகும். பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். அதன் கீழ்ப்பகுதி பாம்பு நெளிவதுபோல வளைந்து கிடக்கிறது. எதிலும் இறுகக் கட்டப்படாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. குழாயைத் தள்ளும்போது நுனி முன்னேறாமல் நடுப்பகுதி வில்லாக வளைந்துகொள்ளும். அந்த வளையம் குடலையும், குடலை முதுகுப்புறச் சுவரோடு பிணைக்கும் சவ்வையும் சேர்த்து இழுக்கும். கொலோனோஸ்கோப்பி வலியில் பெரும்பங்கு இதுதான். மிச்சம், உள்ளே செலுத்தும் காற்றால் வருகிற உப்புசம்.

கைதேர்ந்த மருத்துவர் குழாயைத் தள்ளுவதைவிடப் பின்னிழுப்பதில்தான் திறமையைக் காட்டுவார். பாவாடைக்கு நாடா கோத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஊக்கு முன்னே போக, துணி சுருங்கிச் சுருங்கி அதன்மேல் ஏறிக்கொள்ளும் அல்லவா? அப்படித்தான் குடலை மடிப்பு மடிப்பாகக் குழாயின்மேல் ஏற்றுகிறார்கள். வளையமே இல்லாமல் பெருங்குடலின் கடைசிவரை போனால், உள்ளே இருக்கும் குழாய் எழுபது, எண்பது சென்டிமீட்டர்தான். ஒன்றரை மீட்டர்க் குடல் அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே வலிநிவாரணம் என்றவுடன் ஊசியை மட்டும் நினைக்காதீர்கள். செவிலியர் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்துவது வளையம் உருவாகாமல் தடுக்க. நோயாளியை மல்லாக்கப் புரட்டுவதும் அதற்காகவே. காற்றுக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்தினால் குடல் அதை வெகுவேகமாக உறிஞ்சிவிடும். பரிசோதனை முடிந்து மணிக்கணக்கில் வயிறு உப்பிக் கிடக்கும் அவஸ்தை குறையும். உள்ளே போகும்போது வாயுவே இல்லாமல் தண்ணீரைச் செலுத்தி வழி திறந்துகொண்டு போகும் முறையும் வலியை நன்றாகக் குறைக்கிறது. நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் மயக்க மருந்தே இல்லாமல் விழித்தபடி இதைச் செய்துகொள்பவர்கள் ஏராளம். பிரிட்டனில் பாதி நைட்ரஸ் ஆக்சைடும் பாதி ஆக்சிஜனும் கலந்த வாயுவைத் தாமே முகர்ந்துகொண்டு பலர் படுத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் திடமனம் கொண்டவர்கள் மயக்கம் வேண்டாம் என்று கேட்கலாம். அதில் வீரமும் இல்லை, அசட்டுத்தனமும் இல்லை. மெலிந்த உடல்வாகு உள்ள பெண்களுக்கும், கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கும் மட்டும் நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். அறுவைக்குப் பிறகு குடல் ஒட்டிக்கொண்டு வளைவு கூர்மையாகியிருக்கும், வலி கூடும்.

இப்போது மருந்துகள். பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, மிடாசோலமும் ஃபென்டனிலும் சேர்ந்தது. மிடாசோலம் பதற்றத்தைத் தணித்து நினைவை அழிக்கும். ஃபென்டனில் வலியைக் கொல்லும். நோயாளி அரைத்தூக்கத்தில் இருப்பார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வார். மிடாசோலம் அமெரிக்காவில் 1985 இறுதியில் அனுமதி பெற்றது. பழைய டயஸிபாம் மருந்துக்குப் பழகிய கைகள் அதே கணக்கில் இதையும் போட்டன. இது பல மடங்கு வீரியமானது. மூச்சு நின்று பலர் இறந்தார்கள். அதன்பிறகுதான் அளவைக் குறைத்து, ஊசிமருந்தை நீர்க்கச் செய்து, கடும் எச்சரிக்கையை அச்சிட்டார்கள். இன்று முதியவருக்கு அரை மில்லிகிராமோ ஒரு மில்லிகிராமோ கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். அந்தக் காத்திருப்பின் விலையை உயிர்களாகக் கொடுத்தவர்கள் அன்று இறந்துபோனவர்கள்.

இன்னொன்று புரோபோஃபால். பால்போல வெள்ளை. சோயா எண்ணெயில் கரைத்து, முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் பொருளால் கலக்கிய குழம்பு அது. இதை உருவாக்கிய ஐயன் கிளென், ஸ்காட்லாந்துக்காரர். அடிப்படையில் கால்நடை மருத்துவர். 1986இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அரை நிமிடத்தில் தூக்கம், நிறுத்திய பத்து நிமிடத்துக்குள் தெளிவு. இவ்வளவு இதமான மருந்து எங்கள் கைகளுக்கு வேறு வாய்க்கவில்லை. இதற்கு வலிநிவாரண குணம் கிடையாது என்பதையும், மாற்று மருந்து கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபென்டனிலின் விளைவை நலாக்சோன் முறிக்கும். மிடாசோலமின் விளைவை ஃப்ளூமாசெனில் முறிக்கும். புரோபோஃபால் மிஞ்சினால், அது தானாக வடியும்வரை நோயாளிக்காக நாங்கள் மூச்சு விட வேண்டியதுதான்.

"இது மைக்கேல் ஜாக்சன் இறந்த மருந்துதானே, டாக்டர்?" என்று கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அது நியாயமான கேள்வி. 2009 ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டுப் படுக்கையறையில் அவருக்கு அதைச் செலுத்தினார்கள். முறையான கண்காணிப்புக் கருவிகள் அங்கே இல்லை. மருத்துவர் அறையைவிட்டு வெளியே போயிருந்தார். உலகெங்கும் அன்றாடம் எண்ணற்ற கொலோனோஸ்கோப்பிகளில் இதே மருந்துதான் செல்கிறது. அருகில் ஆள் நிற்கிறார், மூச்சைப் பார்க்கிறார். வித்தியாசம் அது ஒன்றுதான்.

என் பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா. கர்ப்பப்பை எடுத்தவர். குழாய் முதல் வளைவிலேயே சிக்கிக்கொண்டது. அவர் முனகினார். நான் ஃபென்டனில் கொடுத்தேன். மீண்டும் முனகினார், காலை உதைத்தார். இன்னும் கொடுத்தேன், மிடாசோலமும் சேர்த்து. ஸ்கோப் பிடித்திருந்த மூத்த மருத்துவர் குழாயைத் திருகிப் பின்னிழுத்தார். வளையம் அவிழ்ந்தது. அந்த நொடியில் வலி போய்விட்டது. நான் போட்ட மருந்தெல்லாம் உள்ளேயே இருந்தது.

வலிதான் அதுவரை அவரை மூச்சுவிட வைத்துக்கொண்டிருந்தது. அது விலகியதும் மூச்சு நின்றது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. விரல் கருவி 99 என்றே காட்டியது. அந்த ஒலி அதே சுருதியில், அதே நிதானத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஒலி சரியாக இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக நின்றேன். பக்கத்தில் இருந்த செவிலியர் அந்த அம்மாவின் மார்பில் கை வைத்துவிட்டு, "டாக்டர், நெஞ்சு ஏறி இறங்கவில்லை" என்றார். அதற்குப் பிறகுதான் சுருதி சரியத் தொடங்கியது. தாடையைத் தூக்கிப் பிடித்து, முகமூடி வைத்துப் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தோம். ஒரு கெடுதியும் இல்லாமல் எழுந்தார். மாலையில் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

அந்த ஒலியின் குறை என்று முன்பு சொன்னேனே, அது இதுதான். விரல் கருவி ஆக்சிஜனை அளக்கிறது, மூச்சை அளப்பதில்லை. நுரையீரல் நிறைய ஆக்சிஜன் இருந்தால், மூச்சு நின்றபின்பும் நிமிடக்கணக்கில் எண் இறங்காது. மூச்சை நேரடியாகக் காட்டும் கருவி வேறு. கேப்னோகிராப் என்று பெயர். மூக்கருகே மெல்லிய குழாயை வைத்து, வெளிவிடும் கரியமில வாயுவை அளந்து, ஒவ்வொரு மூச்சையும் திரையில் ஒரு சிறு மேடாக வரையும். மூச்சு நின்றால் சில நொடிகளில் கோடு தட்டையாகிவிடும். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2011 முதல் மிதமான மயக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இதை வலியுறுத்துகிறது. நம் பக்கத்தில் பெரிய மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளில் இருக்கும் இந்தக் கருவி, ஸ்கோப்பி அறைக்கு வரும்போது பல இடங்களில் காணாமல் போகிறது. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. அறுவை அரங்கில் நிற்கும் அதே மூச்சுதான் இங்கும் நிற்கிறது.

அன்றுமுதல் நோயாளி முனகினால் நான் ஊசியைத் தொடுவதற்கு முன் ஸ்கோப் பிடித்திருப்பவரைப் பார்க்கிறேன். "சார், வளையம் விழுந்திருக்கிறதா?" என்று கேட்கிறேன். முனகல் என்பது உள்ளே குடல் இழுபடுகிறது என்ற செய்தி. அவர் பின்னிழுத்தால் பாதி நேரம் மருந்தே தேவைப்படாது. குடல் அதிகமாக இழுபட்டால் நாடித்துடிப்பு நாற்பதுக்கு இறங்குவதும் உண்டு. அப்போதும் முதல் வைத்தியம் இழுவையைத் தளர்த்துவதுதான். நாடித்துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசி அதற்கு அடுத்தது.

சில மையங்களில் ஸ்கோப் பிடிப்பவரே மருந்தையும் சொல்லி, கண்காணிப்பையும் தாமே பார்த்துக்கொள்கிறார். திரையில் குடலைப் பார்க்கும் கண் மூச்சையும் பார்க்க முடியாது. ஆகவே தேதி வாங்கும்போதே கேளுங்கள்: "நான் தூங்கும்போது என் மூச்சைப் பார்ப்பதற்கென்று தனியாக யார் இருப்பார்கள்?" முகம் சுளிப்பார்களே என்று கூச்சப்பட வேண்டாம்.

நீங்கள் எங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. குறட்டை முக்கியம், "தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது" என்று வீட்டில் சொன்னால் அதுவும். தினமும் குடிப்பவர் என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். உங்களுக்கு மருந்தின் கணக்கே வேறு. தூக்க மாத்திரை, கட்டிய பல், எடை குறையவோ சர்க்கரைக்கோ வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாக்ளூடைடு ஊசி. இந்தக் கடைசி மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் ஆபத்து. அதே காரணத்தால்தான் கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறோம். பேதி மருந்து குடித்து உடல் வற்றிப்போய் வருவீர்கள், ரத்த அழுத்தமும் தாழ்ந்திருக்கும். அந்த இரண்டு மணி நேரம் தொடங்கும்வரை இளநீர், தெளிந்த பானங்களைத் தாராளமாகக் குடித்துவிட்டு வாருங்கள். இளநீர் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை முடிந்து ஓய்வறைக்கு வந்தபிறகும் விரல் கவ்வியைக் கழற்றமாட்டோம். வலி நின்று, மருந்து மிஞ்சி நிற்கும் நேரம் அது. நோயாளி கண்ணைத் திறந்து தெளிவாகப் பேசுவார். மருத்துவர் வந்து, "ஒரு சிறு கட்டியை எடுத்திருக்கிறோம், பரிசோதனை முடிவு அடுத்த வாரம் வரும்" என்பார். இவரும் தலையாட்டி இரண்டு கேள்வி கேட்பார். வீட்டுக்குப் போனதும், "டாக்டர் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை" என்பார். பொய் இல்லை, மிடாசோலம் அந்தப் பேச்சை அழித்திருக்கும். அதனால் முடிவை உடன் வந்தவரிடமும் சொல்லி, எழுதியும் கொடுக்க வேண்டும். உடன் வந்தவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் கிளம்பக் கூடாது.

ஒருநாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம். "நான் ஓட்டவில்லை டாக்டர், பையன் பின்னால் உட்கார்ந்து போகிறேன்" என்று ஒரு பெரியவர் போன மாதம் சொன்னார். மருத்துவமனை வாசலில் பையன் பைக்கை முறுக்கிக்கொண்டு நின்றான். பின்னிருக்கையில் கண் செருகினால் பிடித்துக்கொள்ள ஏது இருக்கிறது? நானே தெருமுனைவரை நடந்துபோய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தேன். பையன் பைக்கில் பின்னாலேயே போனான்.