வேலைக்குக் குளிர் ஜக்கெட் வாங்குகிறீர்களா? முதலில் உள்ளே திருப்பிப் பாருங்கள்

[காட்சி: மேசையில் இரண்டு ஜக்கெட். ஒன்று கறுப்பு, புசுபுசுவென்று தடித்தது. மற்றது மண்ணிறம், வெளுத்துப்போனது.]

இந்த இரண்டில் எது குளிருக்கு நல்லது? கறுப்பைத் தொட்டால் தலையணை மாதிரி இருக்கிறது. ரொறன்ரோவில் ஜனவரி மாதம் பஸ்ஸுக்கு நிற்க இது தாராளம். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு ஒரு கிழமை கூரை வேலைக்குப் போனால், எங்காவது ஓர் ஆணி முழங்கையில் இழுத்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே பறக்கும். அந்த மண்ணிற ஜக்கெட் ஆறு குளிர்காலம் கண்டது. கைவிளிம்பு மட்டும் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது.

கட்டட வேலை, கூரை வேலை, பனி தள்ளுகிற வேலை, குளிர்க்களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஊரிலிருந்து வந்த முதல் வருசம் எங்களில் பலர் இதில் ஒன்றிலாவது நின்றிருப்போம். அந்த வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

[காட்சி: தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பனி தள்ளுகிறார்.]

என் முதல் குளிர்காலக் கதையைச் சொல்கிறேன். விடிய நாலு மணிக்குப் பனி தள்ளப் போனேன். உள்ளே இரண்டு பருத்தி ரீசேட், மேலே ஹூடி, அதற்கும் மேலே என்னிடம் இருந்ததிலேயே தடித்த ஜக்கெட், கீழே ஜீன்ஸ். இருபது நிமிடத்தில் வேர்த்து ஊற்றியது. குளிர் என்று சும்மா பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று கூட நினைத்தேன். அப்புறம் லொறி வரும்வரை அரை மணி நேரம் சும்மா நிற்க வேண்டி வந்தது. ஈர ரீசேட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. பல் கிட்டி, பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், இலேசில் காயாது. கம்பளி வேறு மாதிரி. தன் எடையில் 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை நாருக்குள் வாங்கினாலும் தோலில் ஈரம் தெரியாது. பொலியெஸ்டர் நார் ஈரத்தை உள்ளே எடுப்பதே இல்லை என்று சொல்லலாம், அதனால் சீக்கிரம் காயும். ஆகவே தோலோடு ஒட்டுகிற முதல் உடுப்பு மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர். அதன் மேல் ஃப்ளீஸ் (புசுபுசுவென்ற பொலியெஸ்டர் துணி) மாதிரிச் சூடு பிடிக்கிற ஒன்று. ஜக்கெட் கடைசியில்தான். வேலை சூடு பிடித்தால் நடுவில் இருப்பதைக் கழற்றி வையுங்கள், வேர்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். வேலை தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு.

கையில் காசு குறைவா? உள்ளுடுப்புக்கு முதல் காசு, காலுக்கு அடுத்த காசு, ஜக்கெட்டுக்கு மிச்சம். நாங்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம், ஏனென்றால் ஜக்கெட்தானே மற்றவர்கள் கண்ணில் படுகிறது.

வெல்டிங், கிரைண்டர் வேலை செய்கிறவர்கள் மட்டும் இந்த இடத்தில் கவனமாகக் கேளுங்கள். பொலியெஸ்டர் 250 பாகை செல்சியசை ஒட்டி உருகும். உருகினால் தோலோடு ஒட்டும். உங்களுக்கு உள்ளே கம்பளி, வெளியே தீ தாங்குகிற உடுப்பு என்று சான்று போட்டது. ஃப்ளீஸை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

[காட்சி: மண்ணிறத் துணி மிக அருகில்.]

சரி, ஜக்கெட்டுக்கு வருவோம். இந்தத் துணிக்குப் பெயர் டக். வாத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; டச்சு மொழியில் துணியைக் குறிக்கிற ‘டூக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பருத்தி நூலை இறுக்கி நெய்த கன்வஸ். டிட்ராயிட்டில் 1889இல் தொடங்கிய கார்ஹார்ட் கொம்பனி ரயில்வே தொழிலாளிகளுக்கு உடுப்புத் தைத்துத்தான் பெயர் எடுத்தது. இன்றைக்கு வேலைத்தளங்களில் நீங்கள் பார்க்கிற மண்ணிற ஜக்கெட் பாதிக்கு அந்தச் சாயல் இருக்கும்.

கன்வஸின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு சதுர யார் (கெஜம்) துணி எத்தனை அவுன்ஸ் என்பது கணக்கு. 12 அவுன்ஸ் என்றால் சதுர மீற்றருக்கு 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கட்டட வேலைக்கு அது போதும். அதைவிடத் தடிப்பாக எடுத்தால் முதல் மாதம் கையை மடக்கவே பலம் வேண்டும்.

இங்கே ஒருவர் கேட்பார்: பருத்தி கூடாது என்றாய், இதுவும் பருத்திதானே? நல்ல கேள்வி. இது தோலில் படுவதில்லை. உரசலைத் தாங்குவதும் காற்றை மறிப்பதும்தான் இதன் வேலை. வெப்பமானி மைனஸ் 10 காட்டி, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வீசினால், வெற்றுத் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. அந்தக் கணக்கு மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். ஆகவே காற்றை நிறுத்தினாலே பாதிக் குளிர் போய்விடும். ஆனால் பூச்சியத்தை ஒட்டி மழையும் பனியும் கலந்து கொட்டுகிற நாளில் டக் ஜக்கெட் கல்லு மாதிரிக் கனக்கும். அந்த நாளுக்குத் தண்ணீர் புகாத நைலோன் உறை ஒன்று மேலே வேண்டும். குளிர்க்களஞ்சியத்தில் மைனஸ் 18இல் நிற்கிறவர்களுக்குக் காற்றும் மழையும் பிரச்சினை இல்லை. அவர்களுக்கு உள்ளே மெத்தை போல் தைத்த உறைகுளிர் உடுப்புத்தான் சரி, டக்கைத் தேடி அலைய வேண்டாம்.

[காட்சி: ஜக்கெட்டைக் கைகள் உள்ளே திருப்புகின்றன.]

கடையில் எல்லோரும் வெளியே தடவிப் பார்ப்பார்கள். நீங்கள் திருப்புங்கள். துணி பெரும்பாலும் நடுவில் கிழிவதில்லை, தையலில்தான் விடும். தோள், அக்குள், பக்கவாட்டு இந்த மூன்று இடத்திலும் விளிம்பு உள்ளே மடிந்து மறைந்து, மேலே இரண்டு அல்லது மூன்று வரித் தையல் ஓடியிருக்க வேண்டும். விளிம்பு நூல் நூலாக வெளியே தொங்கினால் திருப்பி மாட்டிவிட்டு வாருங்கள். சட்டைப்பையின் இரண்டு மூலையிலும் நெருக்கிக் குத்திய சின்னத் தையல் கட்டையோ செப்பு ஆணியோ இருக்கிறதா? அந்த ஆணி யோசனைக்குக் காப்புரிமை 1873இல் வாங்கியது. ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லீவை ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியும் சேர்ந்து வாங்கினார்கள். வேலை செய்கிறவர்களின் காற்சட்டைப் பை மூலையில் பிய்ந்துகொண்டே இருந்ததுதான் காரணம். 150 வருசம் கழித்தும் பை பிய்வது அதே மூலையில்தான்.

அடுத்தது சிப். நல்ல ஜக்கெட் பல சாவது சிப்பால்தான். பல் பெரிதாக இருக்கட்டும், கையுறையோடு இழுத்துப் பாருங்கள். சிப்புக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டி ஓடாவிட்டால் காற்று நேரே நெஞ்சுக்கு வரும். கைக்குள் இறுக்கிப் பிடிக்கிற பின்னல் மணிக்கட்டு இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் கடையிலேயே குந்துங்கள். வெட்கப்பட வேண்டாம். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். முதுகு வெளியே தெரிந்தால் ஜக்கெட் கட்டை. காற்சட்டையில் கால்களுக்கு நடுவே ஒரு தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால், குந்தும்போது அந்தத் தையல் வெடிக்காது. டைல்ஸ் பதிக்கிறவர்கள், தச்சு வேலைக்காரர்கள் முழங்காலில் இரட்டைத் துணி உள்ளதை எடுங்கள். அதன் கீழ்ப்பக்கம் திறந்திருப்பது தையல்காரர் மறந்ததால் இல்லை, முழங்கால் மெத்தை செருகவும் உள்ளே சேரும் மண்ணைக் கொட்டவும்தான்.

வாகனம் ஓடுகிற கட்டட வேலைத்தளம் என்றால், ஒன்ராறியோவில் ஒளிரும் செம்மஞ்சள் மேலுடுப்புக் கட்டாயம். அதை ஜக்கெட்டுக்கு மேலே போடுங்கள். உள்ளே போட்டு மூடிக்கொண்டு நிற்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஹெல்மெட்டுக்குள் ஹூடித் தொப்பியையும் திணிக்காதீர்கள், ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. மெல்லிய தலையுறை போதும். தொங்குகிற கழுத்துத் துண்டு இயந்திரத்தில் சிக்கும். குழாய் மாதிரி மாட்டுகிற கழுத்துறை வாங்குங்கள்.

[காட்சி: பச்சை முக்கோணம் ஒட்டிய பூட்ஸ்.]

இந்தப் பச்சை முக்கோணம் இல்லாத பூட்ஸோடு பல தளங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். விரல் பக்கம் 125 ஜூல் அடியைத் தாங்கும், அடிப்பக்கம் ஆணி ஏறாது என்று அதற்கு அர்த்தம். இரும்பு மூக்கு குளிரை நேரே விரலுக்குக் கொடுக்கும், அதனால் உலோகமில்லாத மூக்கு கிடைத்தால் அதை எடுங்கள். தடித்த சொக்ஸ் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். விரல் அசைய இடமில்லாவிட்டால் இரத்தம் ஓடாது, எத்தனை சொக்ஸ் போட்டாலும் விறைக்கும். இரண்டாவது சொக்ஸைப் போட்டுத் திணிக்கிறவர்களுக்குத்தான் முதலில் விறைக்கும். உள்ளே கழற்றுகிற கம்பளி உறை இருந்தால் இரவில் வெளியே எடுத்துக் காயவிடுங்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில். ஹீட்டருக்கு மேலே இல்லை. நான் ஒரு சோடியை அப்படிக் கருக்கியிருக்கிறேன்.