செவ்வாயில் தெரிந்த முகம்

நேயர்களுக்கு வணக்கம். நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று காட்டித்தானே நமக்கெல்லாம் சோறு ஊட்டினார்கள், அதே மாதிரி செவ்வாயில் ஒரு முகம் தெரிந்தது. 1976 ஜூலை 25ஆம் தேதி வைக்கிங் 1 விண்கலம், சைடோனியா என்ற பகுதியை ஏறக்குறைய 1,870 கிலோமீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படம் அது. கண், மூக்கு, வாய் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஒளியும் நிழலும் செய்கிற வேலை என்று நாசா அப்போதே சொல்லிவிட்டது, ஆனாலும் யாரோ செதுக்கிய சிலைதான் என்ற பேச்சு இருபது வருஷத்துக்கு மேல் ஓயவில்லை.

அந்தப் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பிக்சல் தரையில் கிட்டத்தட்ட 50 மீட்டர், அதாவது வரிசையாக நாலைந்து வீடு இருந்தாலும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். சூரியன் தாழ்வாக இருந்ததால் முகத்தில் ஒரு பக்கம் இருட்டு, அந்தப் பக்கத்தை நம் மனசுதான் நிரப்பிக்கொள்கிறது. என்னை ரொம்ப யோசிக்க வைத்தது மூக்குத்துவாரம். பாறையில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது; பூமிக்குத் தகவல் வருகிற வழியில் விட்டுப்போன ஒரு புள்ளி அது, படம் முழுக்க இறைந்து கிடக்கிற கரும்புள்ளிகளில் ஒன்று சரியாக அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, கட்டியதா தானாக அமைந்ததா என்று எப்படிப் பிரிப்பது? நேர்கோடு இருந்தால் கட்டடம் என்பார்கள். பாறை வெடிப்பும் நேராக ஓடும், அதனால் எனக்கு அது மட்டும் போதாது. முதலில் அக்கம்பக்கம் பார்க்க வேண்டும். சைடோனியாவில் தட்டைத் தலை மேடுகள் ஏராளம், இந்த முகமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அப்புறம் வேறு வெளிச்சத்தில், வேறு கோணத்தில் திரும்ப எடுக்க வேண்டும். சுவர் காலையிலும் சுவர், மாலையிலும் சுவர். நிழல் காட்டும் உருவம் அப்படி நிற்காது.

எடுத்தார்கள். மார்ஸ் குளோபல் சர்வேயர் 1998 ஏப்ரலில் ஒரு பிக்சலுக்கு 4.3 மீட்டர், 2001 ஏப்ரலில் 1.56 மீட்டர் என்று நெருங்கிப் பார்த்தது, அதே கலத்தின் லேசர் கருவி மேட்டின் உயரத்தையும் அளந்தது. கண் இருந்த இடத்தில் அரித்துப்போன சரிவுதான் இருந்தது. 2006 ஜூலையில் ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் எடுத்த முப்பரிமாணப் படத்தில் மேட்டைப் பக்கவாட்டிலும் பார்க்கலாம், மேற்குச் சரிவு அப்படியே மொத்தமாக நழுவிக் கீழே இறங்கியிருக்கிறது.