தேக்குக் கதவுக்கு இரும்புச் சாவி

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, பந்தல் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும் ஐயாமார்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

செட்டிநாட்டு வரலாற்றைத் தாங்கி நிற்பது பர்மாத் தேக்கா, இரும்பா? நான் இரும்புக் கட்சி. எஃகும் எங்கள் கட்சிதான். இரும்பில் அளவாகக் கரி சேர்ந்தால் எஃகு, அவ்வளவே.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், கானாடுகாத்தானில் ஆரம்பித்து ஆத்தங்குடி வரைக்கும் ஒவ்வொரு தூணாகக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார். நிலைக்கு மேலே லட்சுமியைப் பாருங்கள் என்றார். தேக்கைக் கரையான் தொடாது, இரும்பைத் துரு தின்னும் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். துருவுக்கு அப்புறம் வருகிறேன்.

அந்தத் தேக்கு இங்கே எப்படி வந்தது, அண்ணே? காட்டில் அதை வெட்டியது கோடரி. அறுத்தது ரம்பம். கரை இறங்கிய பிறகு இழுத்து வந்தது மாட்டுவண்டி. சக்கரம் மரம், ஒத்துக்கொள்கிறேன். அதன் மேல் சுற்றியிருந்தது இரும்புப் பட்டை, அச்சில் செருகியிருந்தது கடையாணி. அந்த ஒரு சாண் கடையாணி கழன்றிருந்தால் உங்கள் தேக்கு இன்றைக்கும் தொண்டி ரோட்டோரம் கிடந்திருக்கும். நீங்கள் கும்பிடச் சொன்ன லட்சுமிக்குக் கண்ணும் மூக்கும் வைத்தது உளி. இன்னொன்று, கட்டிப்பிடிக்கும்போது கொஞ்சம் தட்டியும் பார்த்திருக்கலாம். நம் ஊர்களில் சில வீடுகளில் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வந்த இரும்புத் தூண்கள் நிற்கின்றன. பெயிண்ட் அடித்திருப்பதால் அண்ணனுக்கு அடையாளம் தெரியவில்லை.

சரி, வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? பர்மாவின் ரங்கூன், மோல்மீன், அப்புறம் கொழும்பு, பினாங்கு என்று போய் வட்டிக்கடை வைத்ததில் வந்தது. கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளானவர்கள் நம் ஐயாமார்கள். பகலில் சாய்ந்து உட்கார்ந்து கணக்கெழுதிய கைப்பெட்டி மரம்தான், மறைக்கவில்லை. ராத்திரி பணம் தூங்கியது இரும்புப் பெட்டியில்.

எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள்ளும் அப்படி ஓர் இரும்புப் பெட்டி கிடக்கிறது. பங்காளிகள் பாகம் பிரித்தபோது தேக்கு அலமாரி, தேக்கு ஊஞ்சல், தேக்குக் கட்டில் எல்லாம் ஒரே மத்தியானத்தில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. பெட்டியை எட்டுப் பேர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. கடைசியில் அதைச் சுற்றித்தான் நடுச்சுவர் எழுப்பினோம். சாவி எங்கள் அப்பத்தாவின் இடுப்பிலேயே இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள், குடும்ப விஷயம்.

ஆச்சிமார்களிடமும் ஒன்று கேட்கிறேன். சாமான் அறையில் அடுக்கியிருக்கும் ஸ்வீடன் எனாமல் தூக்குச்சட்டி இருக்கிறதே, பளபளவென்று பூச்சு பூசிய அந்தச் சட்டிக்குள் என்ன? இரும்பு. அப்புறம் வந்தது எவர்சில்வர். எஃகுக்கு வெள்ளியின் பெயரை வைத்தோம். சீர் பரப்பும்போது அதன்மேல் விலாசம், அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்து, வெட்டிப் பெருமைப்பட்டோம். உங்கள் விலாசத்தையே சுமப்பது எங்கள் கட்சி.

இனிப் பயணத்துக்கு வருவோம். 1914இல் பாம்பனில் கடல்மேல் இரும்புப் பாலம் வந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று கொழும்புப் பயணம் சுருங்கியது. 1930இல் புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்குத் தண்டவாளம் வந்தது. செட்டிநாடு என்ற பெயரிலேயே கானாடுகாத்தானுக்கு ஒரு ஸ்டேஷன். எத்தனை ஆத்தாமார்கள் அந்தப் பிளாட்பாரங்களில் நின்று பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு, கடுதாசிக்காக மூன்று வருஷம் காத்திருந்தார்கள்!

1942இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தான். கடையும் வயலும் கைவிட்டுப் போயின. கால்நடையாகவே காடு மலை தாண்டி வந்தவர்கள் உண்டு. தேக்கு கொடுத்த நாடு கதவைச் சாத்திவிட்டது, அண்ணே. அப்போது சோறு போட்டது யார்? பள்ளத்தூர் முருகப்பச் செட்டியார் குடும்பத்தைப் பாருங்கள். மோல்மீனில் வட்டிக்கடையாகத் தொடங்கியது அவர்கள் தொழில். போர் வருவதற்கு முன்பே சுதாரித்து, மூலதனத்தை இந்தியாவுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே வந்து எதில் போட்டார்கள்? எஃகு மேசை நாற்காலியில் போட்டார்கள். 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். வட்டிக்கடை வாசலை மிதிக்கவே தயங்கிய எளிய மனிதரும் அவர்கள் செய்த ஹெர்குலிஸ் சைக்கிளில் ஏறிக் காரைக்குடிச் சந்தைக்குப் போனார். தேக்கு பெரிய வீட்டு வளவுக்குள் அழகாக நின்றது. சைக்கிள் சேரிக்கும் போனது, செட்டியார் தெருவுக்கும் போனது.

இப்போது துரு. ஆமாம், இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துருவை ஆராய்கிற பெரிய ஆய்வகத்தை இந்தியா எங்கே வைத்தது? டெல்லியிலா, பம்பாயிலா? நம் காரைக்குடியில். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25ஆம் தேதி நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதுதான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் வாய் நிறையச் சொல்லும் சிக்ரி. உப்புக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் தனி மையமே வைத்திருக்கிறார்கள். பர்மாத் தேக்கை நம்பி இந்த ஊரில் எத்தனை பேர் விஞ்ஞானி ஆனார்கள் என்று எதிரணியிலிருந்து அடுத்து வருகிறவர் சொல்லட்டும். இரும்பின் குறையே இந்த ஊருக்குப் படிப்பும் வேலையும் கொடுத்திருக்கிறது, அண்ணே. நிறையைப் பற்றிப் பேச இன்னும் திருப்பாச்சேத்தி அரிவாள் பாக்கி இருக்கிறது...

நடுவர் மணி அடித்துவிட்டார். மணி வெண்கலம், அது இரண்டு அணியிலும் இல்லை. அதை அடித்த கம்பியை மட்டும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வணக்கம்.