வெட்டுறதுக்கு முன்னாடி முள்ளைப் பாருங்க | ராமேஸ்வரம் மணல்காட்டு நடை

வணக்கம் மக்களே. காத்து சத்தம் கொஞ்சம் கூடுதலாத்தான் கேக்கும், பொறுத்துக்கங்க. கெந்தமாதன பர்வதத்துக்குப் போற ரோட்டுல இருந்து இறங்கி மணல்காட்டுக்குள்ள வந்துட்டேன். இன்னைக்கு முள்ளு மரம் பத்தி மட்டும்தான் பேசலாம்னு கிளம்பினேன். ஆனா வழியில இருக்கறதைக் காட்டாமப் போக மனசு வரல.

இந்தா, கால்கிட்ட படர்ந்து கெடக்குது பாருங்க, ஊதாப் பூ. அடும்பு. அடம்புன்னும் சொல்லுவாங்க. இலை நுனியில ரெண்டாப் பிளந்து நிக்கும். குறுந்தொகையில ஒரு நெய்தல் பாட்டு இந்த இலையை மான் குளம்புன்னு சொல்லுது. இவ்வளவு காலம் கழிச்சும் இந்தச் செடியை அடையாளம் காட்ட அதை விட நல்லா ஒரு வரி எனக்குத் தெரியல. கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடிச்சுக்கும்.

பக்கத்துல விறைப்பா நிக்குதே, அது ராவணன் மீசை. நுனி ஊசி மாதிரி குத்தும், செருப்பில்லாமக் கிட்ட போகாதீங்க. இதுல ஆண் செடி வேற, பெண் செடி வேற. பெண் செடியில வர்ற பெரிய முள்ளு உருண்டை காய்ஞ்சு கழண்டு காத்துல உருண்டு போகும், போற வழியில விதை விழும். தனுஷ்கோடி ரோட்டுல போனவங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க. அலையும் காத்தும் இவ்வளவு அடிக்கிற கரையில மணல்மேடு நிக்குதுன்னா இந்த ரெண்டு செடிக்கும் அதுல பெரிய பங்கு இருக்கு. ஃபோட்டோ எடுக்கணும்னு மிதிச்சு நாசம் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு.

சரி, மரத்துக்கு வருவோம்.

நம்ம மாவட்டத்துல முள்ளு மரம்னாலே சீமைக்கருவேலம்னு முடிவு பண்ணிடுறோம். 2017-ல உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டப்ப ஊர் ஊரா இறங்கி வெட்டினோம். 2022-ல அரசாங்கம் அந்நியத் தாவரங்களை அகற்றுறதுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு. வெட்ட வேண்டிய மரந்தான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா ஒரு கண்மாய்க்கரையில நான் கண்ணால பாத்தேன். சீமைக்கருவேலத்தோட சேத்து நல்லா வளந்த உடை மரத்தையும் வேரோட சாய்ச்சுப் போட்டிருந்தாங்க. மெஷின் ஓட்டுன தம்பிகிட்ட கேட்டேன். "எல்லாம் முள்ளுதானண்ணே"ன்னாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்கல. அந்த வயித்தெரிச்சல்லதான் இந்த வீடியோ.

இப்ப நான் நிக்கிறது உடை மரத்துக்குக் கீழ. குடைவேல்னும் பேரு. கேமராவைத் தூக்கிக் காட்டுறேன். மேல்பக்கம் எப்படித் தட்டையா விரிஞ்சிருக்கு பாருங்க, வெட்டிச் சமப்படுத்தினது போல. தெக்குச் சீமையிலயும் இலங்கையிலயும் இயற்கையா வளர்ற மரம் இது. நம்ம மண்ணோட மரம்.

ஆனா உருவத்தை மட்டும் நம்பாதீங்க. காத்தடிக்கிற கரையில எந்த மரமும் ஒரு பக்கமாச் சாஞ்சு உருவம் மாறிடும். கிளையைக் கிட்ட பாருங்க... ஃபோகஸ் ஆகட்டும்... ம், இப்ப தெரியுது. ஒரே கிளையில ரெண்டு விதமா முள்ளு. ஒண்ணு நீளமா, நேரா, வெள்ளையா இருக்கு. அதுக்கு அடுத்த கணுவுல குட்டையா, கொக்கி போல வளைஞ்சது. இலையைப் பாருங்க, எவ்வளவு பொடி! ஒரு சிற்றிலையை விரல் நகத்துல வச்சா காணாமப் போயிடும். பூ வெள்ளையா உருண்டையா வரும், இப்ப இல்ல. நெத்து, அதான் காய்ஞ்ச காய், அது இருக்கு, இந்தா, சுருண்டு கெடக்கு. ஆடு விரும்பித் திங்கும். வெயில் நேரத்துல இந்தத் தீவுல ஆட்டுக்கும் மேய்க்கிறவங்களுக்கும் நிழலே இதுதான்.

இப்ப பத்தடி தள்ளி வாங்க. இது சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்துல இருந்து 19-ஆம் நூற்றாண்டுல இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. கிளை நேராப் போகாது, கணுவுக்குக் கணு ஒடிஞ்சு திரும்பின மாதிரி வளைஞ்சு போகும். சிற்றிலை உடையை விடப் பெருசு, ஒண்ணுக்கொண்ணு இடைவெளி விட்டு நிக்குது. இதோட பூ உருண்டை கிடையாது. விரல் நீளத்துக்கு நீண்ட கதிரு, வெளிறின மஞ்சள். இந்த ரெண்டு மரத்தையும் பிரிச்சுப் பாக்க இந்த ஒண்ணை மனசுல வச்சாப் போதும்: உருண்டைப் பூ உடை, நீளக் கதிர்ப் பூ சீமை. நெத்தும் நீளமா, மஞ்சளா, சதைப்பத்தா இருக்கும், சுருளாது. ஆடு மாடு தின்னு, சாணத்துல விழுந்த விதை அங்கங்க முளைச்சிடும். மேல வெட்டிப்போட்டா அடிக்கட்டையில இருந்து திரும்பத் தழையும், தூரோட எடுக்கணும். இதை நம்பிக் கரிமூட்டம் போட்டுப் பொழைக்கிற குடும்பங்க நம்ம மாவட்டத்துல ஏராளம். ஒழிப்புன்னு பேசும்போது அவங்களையும் கணக்குல எடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

நாட்டுக் கருவேலம் இங்க கிட்டத்துல இல்ல, கண்மாய்ப் பக்கம் போனாத்தான் கிடைக்கும். அதுக்குப் பூ உருண்டையா நல்ல மஞ்சள். காயி விதைக்கு விதை இடுப்பு ஒடுங்கி, சாம்பல் பூத்தாப்புல இருக்கும். உடையை விட ஓங்கி வளரும்.

முள்ளுன்னதும் இன்னொண்ணு. இந்தக் குத்துச்செடி இசங்கு, சங்கஞ்செடின்னும் சொல்றது. கணுவைப் பாருங்க, நாலு முள்ளு சுத்தி நிக்குது. அதை எண்ணினாலே போதும், தப்பவே தப்பாது.

அந்தா, தொங்குகிளையோட அடர்த்தியா நிக்கிறது உகா. முள் கிடையாது. இலை தடிப்பா இருக்கும், கசக்கினா லேசாக் கடுகு நெடி அடிக்கும். கீழக்கரைப் பக்கம் பல் தேய்க்கிற மிஸ்வாக் குச்சி தெரியாதவங்க இருக்க மாட்டாங்க, அது இந்த மரத்தோடதுதான். உப்பு மண்ணுலயும் தாக்குப் பிடிக்கும்.

கசக்கிப் பாக்குறேன்னு எல்லாத்தையும் கசக்கிடாதீங்க. கழிமுகச் சதுப்புல தில்லை மரம்னு ஒண்ணு உண்டு, கிளை ஒடிச்சா வெள்ளையாப் பால் வடியும். அது கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. மணல்காட்டுல செங்காந்தள் பூத்திருந்தாலும் அதே கதைதான், கிழங்குல இருந்து விதை வரைக்கும் விஷம். பேர் தெரியாத எதையும் வாயில வைக்காதீங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா இன்னும் கவனம்.

செல்லுல செடி பேர் சொல்ற செயலி இருக்குல்ல, நானும் வச்சிருக்கேன். ஆனா தூரத்துல நின்னு முழு மரத்தை ஒரு படம் எடுத்துக் குடுத்தா, அது ஏதோ ஒரு வேல மரம்னு சொல்லி நிறுத்திடும். முள்ளைக் கிட்டப் போய் எடுங்க. இலையைத் திருப்பிப் பின்பக்கமும் எடுங்க. கீழ விழுந்த நெத்தைப் பொறுக்கி ஒரு ஸ்கேலோ காசோ பக்கத்துல வச்சு எடுங்க. அப்புறம், அங்க ஆடு மேய்க்கிற அக்காவோ ஐயாவோ இருந்தா, "இது சீமையா, நாட்டு மரமா, ஆடு எதைத் திங்கும்?"னு கேளுங்க. நான் உடை நெத்தை முதல்ல கத்துக்கிட்டது தங்கச்சிமடத்துல ஒரு ஆச்சிகிட்ட. தாவரவியல் படிச்சவங்க வார்த்தைக்கும் அவங்க சொன்னதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல.

உங்க ஊர்ல மண்டபம், தேவிபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் எங்கயாவது சீமைக்கருவேலம் எடுக்கப்போறதா பேச்சு வந்தா, வேலை தொடங்குறதுக்கு முந்தின நாளே ஒரு நடை போயிட்டு வாங்க. உடை, கருவேலம், உகா எது நின்னாலும் அடிமரத்துல ஒரு துணியைக் கட்டி விட்டு, ஊராட்சியிலயும் வேலை பாக்கிறவங்ககிட்டயும் சொல்லி வைங்க. சந்தேகமா இருந்தா படத்தைக் கீழ கமெண்ட்ல சொல்லியிருக்கிற நம்ம சேனல் பக்கத்துக்கு அனுப்புங்க, பாத்து சொல்றேன். முள்ளு தெளிவாத் தெரியணும், அது மட்டும் மறந்துடாதீங்க.