வீட்டுச் சுவரில் மரியன்னை

நேயர்களுக்கு வணக்கம்.

மறுமலர்ச்சிக் காலச் சிற்பம் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலைதான் மனதில் வந்து நிற்கும். 17 அடி உயரம். ஊர் நடுவே எல்லாரும் அண்ணாந்து பார்க்க வைத்தது. நான் பேச வந்திருப்பது அந்தச் சிலை நிற்கிற இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில், அதற்கு முந்தைய 80 ஆண்டுகளில் செய்யப்பட்ட சின்னச் சிற்பங்களைப் பற்றி. இரண்டடி, மூன்றடி உயரம்தான். சுவரில் மாட்டுகிற புடைப்புச் சிற்பங்கள். எல்லாவற்றிலும் மரியன்னையும், அவர் கையில் குழந்தை இயேசுவும். அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்குப் பயந்தார்கள், யாரிடம் போய் நின்றார்கள் என்று தெரிய வேண்டுமானால் தாவீதை விட்டுவிட்டு இவற்றிடம்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

இவை எங்கே இருந்தன? கோயில் பீடங்களில் சில இருந்தன. தெருமுனைகளில் மாடம் கட்டி வைத்தவையும் உண்டு. ஆனால் மிகப் பல சிற்பங்களின் இடம் வீட்டுப் படுக்கையறை. அந்த ஊரில் குடும்பத் தலைவர் இறந்துபோனால், சிறு வயதுப் பிள்ளைகளின் சொத்தைக் காப்பதற்காக அரசு அலுவலர்கள் வந்து வீட்டுச் சாமான்களை அறை அறையாகப் பட்டியல் எடுப்பார்கள். கட்டில், மரப்பெட்டி, போர்வை என்று போகிற அந்தப் பட்டியல்களில் மரியன்னையின் உருவம் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. கல்யாணம் ஆகிப் புதுத் தம்பதி குடியேறும் அறைக்கு இப்படி ஒன்றை வாங்கி மாட்டுவது வழக்கம். முன்னால் விளக்கோ மெழுகுவர்த்தியோ எரியும். சிலவற்றுக்குத் திரைச்சீலையும் உண்டு.

ஜொவான்னி தொமினீச்சி என்ற துறவி, 1400-களின் தொடக்கத்தில், பிள்ளை வளர்ப்புப் பற்றி ஒரு குடும்பத் தலைவிக்கு எழுதிய அறிவுரையில் இதைப் பற்றிப் பேசுகிறார். வீட்டில் சின்னக் குழந்தைகள் பார்த்து மகிழும்படியான திருவுருவங்களை வையுங்கள், பால் குடிக்கிற இயேசு, தாய் மடியில் தூங்குகிற இயேசு, கையில் பறவையோ மாதுளம்பழமோ வைத்திருக்கிற இயேசு என்று வகை வகையாகச் சொல்கிறார். நடக்கத் தொடங்காத பிள்ளையும் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. இந்தச் சிற்பங்களில் ஏன் இவ்வளவு விளையாட்டு, இவ்வளவு நெருக்கம் என்பதற்கு அந்த அறிவுரை பாதி விடை தருகிறது.

சரி, ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். பெர்லின் நகரத்தின் போடே அருங்காட்சியகத்தில் ஃபுளோரன்ஸ் சிற்பி தொனத்தெல்லோ செதுக்கிய சலவைக்கல் சிற்பம் ஒன்று இருக்கிறது. 1420-களைச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். பாட்சி குடும்பத்து மாளிகையோடு சேர்த்துப் பேசப்படுவதால் பாட்சி மதோன்னா என்று பெயர். மதோன்னா என்றால் இத்தாலியர் வழக்கில் மரியன்னை. சுமார் இரண்டரை அடி உயரம், கல்லின் கனம் சில சென்டிமீட்டர்தான். அதற்குள் ஒரு சன்னல் சட்டமும், அதன் நடுவே மரியாவும் குழந்தையும். தாயின் நெற்றியும் குழந்தையின் நெற்றியும் ஒட்டியிருக்கின்றன. மூக்கோடு மூக்கு உரசுகிறது. தாயின் நீண்ட விரல்கள் குழந்தையை அழுத்திப் பிடித்திருக்கின்றன. இரண்டு பேர் தலையிலும் ஒளிவட்டம் கிடையாது. சன்னல் சட்டத்தின் கோடுகளைக் கவனித்தால், கீழிருந்து மேலே பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாக வரும்படி அவர் சாய்த்துச் செதுக்கியிருப்பது தெரியும். அதாவது, உயரத்தில் மாட்டி, கீழே மண்டியிட்டுப் பார்ப்பதற்கென்றே செய்த வேலை. குழந்தையிடம் அவ்வளவு நெருங்கியும் அந்தத் தாயின் முகத்தில் சிரிப்பு இல்லை. பிள்ளைக்கு என்ன நேரப்போகிறது என்று அறிந்த முகம் அது. சிலுவையை எங்கும் காட்டாமலே தொனத்தெல்லோ சிலுவையை அந்த முகத்தில் வைத்துவிட்டார்.

இங்கே இன்னொரு செய்தியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஃபுளோரன்ஸில் வசதியுள்ள குடும்பங்கள் பச்சைக் குழந்தையைத் தாயிடம் விட்டுவைப்பது அரிது. பிறந்த சில நாட்களில் கிராமத்துச் செவிலித்தாய் ஒருத்தியிடம் பால் குடிக்க அனுப்பிவிடுவார்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் பிள்ளை வீடு திரும்பும். பல பிள்ளைகள் திரும்பவே இல்லை. பிள்ளை இல்லாத அந்தப் படுக்கையறையில், சுவரில் ஒரு தாய் தன் குழந்தையை நெற்றியோடு நெற்றி வைத்து அணைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டுப் பெண் எந்த மனதோடு அதன் முன்னால் மண்டியிட்டிருப்பாள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்துவிடுகிறது. கலை வரலாறு பேசுகிறவர்கள் சன்னல் சட்டத்தின் கோடுகளைப் பற்றி நிறையச் சொல்வார்கள். இந்தப் பெண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சலவைக்கல் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் நகல்கள். நல்ல சிற்பம் ஒன்றிலிருந்து அச்சு எடுத்து, ஜிப்சம் சாந்தை ஊற்றியோ களிமண்ணை அழுத்தியோ, ஏன், காகிதக்கூழை வைத்தும்கூடப் பிரதிகள் செய்தார்கள். பிறகு ஓவியர் வர்ணம் தீட்டுவார். முகத்துக்கு மாந்தளிர் நிறம், மேலங்கிக்கு நீலம், ஓரங்களுக்குத் தங்க ரேக்கு. நேரி தி பிச்சி என்ற ஓவியர் 1453 முதல் 1475 வரை எழுதிவைத்த பட்டறைக் கணக்கு அப்படியே கிடைத்திருக்கிறது. யார் கொண்டுவந்த சாந்து மரியாவுக்கு என்ன வர்ணம் பூசினார், எவ்வளவு கூலி வாங்கினார் என்று அதில் வரிசையாகக் குறித்திருக்கிறார். பிற்காலத்து அருங்காட்சியகங்கள் சில இந்தப் பிரதிகளை மதிக்காமல் கிடங்கில் போட்டுவைத்தன. அது எனக்கு உடன்பாடில்லை. மூலச் சிற்பம் தொலைந்து, பிரதியால் மட்டுமே நமக்குத் தெரிகிற வடிவங்கள் உண்டு. அதைவிட முக்கியம், இந்தச் சாந்துப் பிரதிகளின் முன்னால்தான் நடுத்தரக் குடும்பங்கள் செபித்தன.

பிரதி எடுப்பதைத் தொனத்தெல்லோவே இழிவாக நினைக்கவில்லை. அதற்குச் சான்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிற ஒரு வெண்கல வட்டத் தகடு. குறுக்களவு ஓரடிக்கும் சற்றுக் குறைவு. மரியா, குழந்தை, சுற்றிலும் நான்கு வானதூதர்கள். தொனத்தெல்லோ நோயுற்றிருந்தபோது ஜொவான்னி கெல்லினி என்ற மருத்துவர் அவருக்கு வைத்தியம் பார்த்தார். அதற்கு நன்றியாக 1456 ஆகஸ்ட் மாதம் தொனத்தெல்லோ இந்தத் தகட்டைக் கொடுத்தார் என்று மருத்துவர் தம் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். அதன் அதிசயம் பின்பக்கத்தில்தான். தகட்டைத் திருப்பினால் அதே உருவம் அப்படியே குழிவாக, அச்சு மாதிரி இருக்கும். உருக்கிய கண்ணாடியை அதில் வார்த்தால் முன்பக்கத்துச் சிற்பம் கண்ணாடியில் கிடைக்கும் என்று மருத்துவரே குறித்திருக்கிறார். அந்தக் காலத்தின் தலைசிறந்த சிற்பி ஒருவர், கொடுக்கிற பரிசுக்குள்ளேயே பிரதி எடுக்கும் வழியையும் வைத்துக் கொடுக்கிறார்! பல நூற்றாண்டு மறைவாகக் கிடந்த அந்தத் தகடு 1976-ல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதே அருங்காட்சியகத்தில் கெல்லினியின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது. அந்தோனியோ ரொஸ்ஸெல்லினோ அதே 1456-ல் செதுக்கியது. சுருக்கம் விழுந்த, அறிவான கிழவர் முகம். போகிறவர்கள் இரண்டையும் தேடிப் பாருங்கள்.

அப்புறம் லூக்கா தெல்லா ரோபியா. இவரும் சலவைக்கல் சிற்பிதான். கல்லிலும் வெண்கலத்திலும் உழைத்த உழைப்புக்குக் கையில் மிஞ்சியது கொஞ்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் அவர் களிமண்ணுக்கு மாறினார் என்கிறார், கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி. காரணம் எதுவானாலும், 1440 வாக்கில் அவர் கண்டுபிடித்த முறை பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. களிமண்ணில் உருவம் செய்து, கனம் சீராக இருக்கும்படி பின்பக்கத்தைக் குடைந்து, ஒருமுறை சுட வேண்டும். பிறகு ஈயமும் வெள்ளீயமும் மணலும் சேர்ந்த பூச்சைப் பூசி மறுபடி சூளையில் வைக்க வேண்டும். வெள்ளீயம்தான் அந்தப் பால் வெண்மையைத் தருகிறது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடி எப்படிப் பளபளக்கிறதோ, தண்ணீர் பட்டாலும் உப்புப் பட்டாலும் அசராமல் இருக்கிறதோ, அதே குணம் சிற்பத்துக்கு வந்துவிட்டது. பெரிய உருவங்களைத் துண்டு துண்டாகச் சுட்டு, மடிப்புகளின் ஓரத்தில் இணைப்புத் தெரியாமல் பொருத்தினார்கள்.

இதனால் மரியன்னை வெயிலுக்கும் மழைக்கும் வெளியே வர முடிந்தது. ஃபுளோரன்ஸில் ஓர்சன்மிக்கேலே என்ற கட்டடத்தின் வெளிச்சுவரில், மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர்கள் சங்கத்துக்காக லூக்கா செய்த வட்டச் சிற்பம் இருக்கிறது. அல்லிமலர்களுக்கு நடுவே அன்னையும் குழந்தையும். 500 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வண்ணம் கலையவில்லை. லூக்காவின் அண்ணன் மகன் அந்திரேயா பட்டறையை இன்னும் பெரிதாக்கினார். அச்சுகள் வைத்து ஊர் ஊருக்கு அனுப்பினார். புனித பிரான்சிஸ் தம் உடலில் இயேசுவின் ஐந்து காயங்களைப் பெற்றதாகச் சொல்லப்படும் லா வெர்னா மலையில், பனிமூட்டத்துக்கும் ஈரத்துக்கும் நடுவே உள்ள கோயில்களில் அவருடைய பீடச் சிற்பங்கள் இன்றும் புதிதுபோல் இருக்கின்றன.

லூக்காவின் கையை எனக்கு அந்திரேயாவின் கையைவிடப் பிடிக்கும். அந்திரேயாவிடம் இனிப்பு கொஞ்சம் கூடுதல். ஃபுளோரன்ஸின் பர்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் லூக்காவின் ரோஜாத் தோட்டத்து மரியா இருக்கிறது. பின்னால் ரோஜாப் புதர். குழந்தை எட்டி ஒரு ரோஜாவைத் தொடப் போகிறது. தாய் அதைத் தடுக்கவில்லை, பிடித்த பிடியையும் விடவில்லை. பளபளப்பான அந்த வெள்ளை உடம்பில் கண்களையும் புருவத்தையும் மட்டும் தூரிகையால் மெல்லத் தொட்டிருக்கிறார். எந்த வீட்டுத் தாயும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறபோது இருக்கிற பொறுமை அந்த முகத்தில் இருக்கிறது.

மைக்கலாஞ்சலோவும் இந்த மரபிலிருந்து வந்தவர்தான். பதின்பருவத்தில் அவர் செய்த படிக்கட்டு மரியா, ஒரு மெல்லிய சலவைக்கல் புடைப்பு. தொனத்தெல்லோவைப் படித்துப் பழகிய கை என்று பார்த்ததும் தெரியும். பிறகு பெல்ஜியத்தின் புரூஜ் நகர வணிகர் குடும்பம் ஒன்று வாங்கிய மரியாவில், குழந்தை மடியை விட்டே இறங்கிவிட்டது. தாயின் முழங்கால்களுக்கு நடுவே நின்றுகொண்டு, ஒரு கால் கீழே வைக்கப் போகிறது. தாய் அதன் கையைத் தளர்வாகப் பிடித்திருக்கிறாள். அந்தச் சிலையை 1794-ல் பிரெஞ்சுப் படையும் 1944-ல் ஜெர்மானியப் படையும் தூக்கிப் போயின. இரண்டு முறையும் ஊருக்குத் திரும்பி வந்து இப்போது அன்னையின் ஆலயத்தில் இருக்கிறது.

இவற்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு வேண்டுகோள். நேருக்கு நேராக நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து, செபிக்கிறவர் கண் இருக்கும் உயரத்திலிருந்து பாருங்கள். சலவைக்கல் புடைப்பின் ஆழம் அங்கிருந்துதான் திறக்கும். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கைகளைப் பாருங்கள். அந்தச் சிற்பிகள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் தாயின் விரல்களில்தான் வைத்திருக்கிறார்கள். சாந்துப் பிரதி ஒன்று மூலையில் மங்கலாகத் தொங்கினால் அதற்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். காதோரத்திலோ மேலங்கியின் மடிப்பிலோ பழைய நீலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

நன்றி, வணக்கம்.